கூரையும் ஒரு பாடமே

கேள்வி: பாடநூல் ஒன்றாக இருக்கும்போது, பள்ளிக் கட்டடம் ஊருக்கு ஊர் வேறுபட்டால் என்ன குறைந்துவிடும்?

பதில்: மழை ஒழுகும் இடத்தில் தகரவாளியை வைத்துவிட்டு, நனையாத மூலையில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒரே கரும்பலகையின் இரு பாதிகளை நோக்கி நெருங்கி அமர்ந்திருப்பதைக் கண்டவர்கள், அங்கே முதலில் குறைவது பாடந்தான் என்பதை அறிவார்கள். காமராசர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தம் பள்ளிகளுக்கு மனமுவந்து வழங்கியது மகத்தான தர்மம். ஆயினும் தனவந்தர் இல்லாத ஊரின் குழந்தைக்கு அந்தப் பாக்கியம் எங்ஙனம் கிட்டும்? 2004-இல் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோன பிறகேனும், உறுதியான கூரை தானமாக வரவேண்டிய பொருளன்று, அரசு தீர்க்கவேண்டிய கடன் என்பதை நாம் உணரவேண்டும். அகரத்தைக் கற்பிப்பது நூல். 'நீயும் எங்களுக்கு வேண்டியவன்' என்று கற்பிப்பது கட்டடம்.