சம்பந்திக்கு நாற்காலி போடாதே

எனக்குச் சர்க்கரை இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மகள் கல்யாணத்துக்காக இரண்டு வளையலை அடகு வைத்ததும் தெரியும். போன வருஷம் மாடிப்படியில் வழுக்கி விழுந்தபோது நான் போட்ட சத்தம் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் கிளம்பி வடக்கு ராஜ வீதி வரைக்கும் கேட்டதாகச் சாட்சி சொல்ல ஆள் உண்டு. இதற்கெல்லாம் நாங்கள் வெட்கப்பட்டதே இல்லை. வீட்டுக்குள் மூட்டைப்பூச்சி வந்ததைத்தான் இரண்டு மாதம் ராணுவ ரகசியம் மாதிரி காத்தோம்.

கொசு வந்தால் ஊரைத் திட்டலாம். எலி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டலாம். கரையான் வந்தால் கட்டிய கொத்தனாரைத் திட்டலாம். மூட்டைப்பூச்சி வந்தால் மட்டும் திட்டுவதற்கு நம்மைத் தவிர வேறு ஆள் கிடைப்பதில்லை.

“2023 அக்டோபரில் பாரிஸ் நகரத்துக்கே மூட்டைப்பூச்சி வந்து, அடுத்த வருஷம் ஒலிம்பிக்கை எப்படி நடத்துவது என்று டிவியில் உட்கார்ந்து பேசினார்களே, அவர்கள் வெட்கப்பட்டார்களா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“பாரிஸ்காரிக்கு அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம் இல்லை” என்றாள்.

பூச்சியின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஐயாவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவர் ஐயா, பெற்றவள் அப்பத்தா. ஐயாவுக்குப் பழைய மரச்சாமான் என்றால் உயிர். ராயவரம் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் பாகம் பிரித்தபோது, பர்மாத் தேக்குக் கட்டில் ஒன்றையும் சாய்வு நாற்காலி ஒன்றையும் பிரம்பு பின்னிய நாற்காலி இரண்டையும் விலைபேசி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டிலின் தலைமாட்டில் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் யானை, அன்னம், கிளி. ஒவ்வொரு கிளியின் அலகுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஓர் இடுக்கு. கட்டிலை வாங்கியவர் ஐயா. அதில் குடியிருந்தவர்கள் வேறு.

எனக்கு அப்போது எட்டு வயது. பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு என்று ஐயா அறிவித்தார். நானும் தங்கையும் விளக்குமாற்றுக் குச்சியும் கொட்டாங்கச்சியில் சீமெண்ணெயுமாகக் களத்தில் இறங்கினோம். மூன்று நாளில் நாற்பத்தேழு உருப்படி. ஐயா தகரப் பெட்டியைத் திறந்து நாற்பத்தேழு காசையும் நாணயமாக எண்ணிக் கொடுத்தார். மிட்டாய்க்கடைக்காரர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது செல்லாது. பத்திரமா வச்சிரு, அம்பது வருஷம் கழிச்சு விலை போகும்” என்றார். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. தொண்டைமான் சமஸ்தானத்தின் அம்மன் காசு! 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தபோதே அதன் கதை முடிந்துவிட்டது. ஐயா கடைசிவரை அந்தச் செய்தியை ஒப்புக்கொள்ளவில்லை.

அதே 1948-ல்தான் டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்புறம் மலேரியா ஒழிப்புக்காரர்கள் பம்போடு வந்து, சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடித்து, நிலைக்குப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். “மொத ரெண்டு வருஷம் செத்துச்சுடா. அப்புறம் அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பழகிருச்சு” என்பாள் அப்பத்தா. அப்பத்தாவின் கூற்றில் தப்பில்லை. ஹவாய்த் தீவுகளில் 1947-லேயே டி.டி.டி.க்கு அசையாத மூட்டைப்பூச்சியைப் பார்த்துவிட்டார்கள். மருந்து பட்டால் எரிச்சலில் வெளியே வந்து முன்னைவிட அதிகமாகக் கடிக்கிறது என்று நம் நாட்டில் பல கிராமங்களில் பம்புக்காரரைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். காசு செல்லாமல் போனது. நோபல் மருந்தும் செல்லாமல் போனது. பூச்சி மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது.

நடுவில் எப்படியோ ஒரு முப்பது வருஷம் அது கண்ணில் படவில்லை. இந்தச் சித்திரையில் திரும்பி வந்தது. கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போய் லாட்ஜில் தங்கினோமே, அங்கேயா, பஸ்ஸிலா, தெரியாது. ஒரு நாள் காலை என் முதுகில் வரிசையாகத் தடிப்பு. “நேர்ப்புள்ளி, அஞ்சு வரிசை” என்றாள் மனைவி; கோலப் போட்டியில் பரிசு வாங்கியவள். படுக்கை விரிப்பை உதறினோம். எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த எள் மாதிரி ஒன்று ஓடியது. நசுக்கினேன். பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கிய வாசனை. கிரேக்கர்கள் மூட்டைப்பூச்சியைக் ‘கோரிஸ்’ என்பார்களாம். கொத்தமல்லிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே அதிலிருந்து வந்ததென்று சொல்வதுண்டு. இந்த அரிய தகவலை மனைவியிடம் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் கொத்தமல்லி கிடையாது.

அன்று சாயங்காலமே போன் வந்தது. “சம்பந்தி, பத்திரிகை வாசகம் முடிவு பண்ண நாளைக்குக் காலையில வர்றோம்.” கும்பகோணத்துக் குரல்.

இரவு முழுக்க ஆலோசனை. நாற்காலிகளை ஒளித்து வைக்கலாம் என்றால் இடமில்லை. தரையில் பாய் போடலாம் என்றால் சம்பந்தியம்மாளுக்கு முட்டி வலி. கடைசியில், பந்தல்காரரிடம் சொல்லி ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு வரவழைத்தோம். விடியற்காலையில் ஒரு வீட்டு வாசலில் வாடகை நாற்காலி இறங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டுப் பெரியவர் தோளில் துண்டோடு ஓடி வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எப்ப?” என்றார். நான் உயிரோடு நிற்பதைப் பார்த்த பிறகு, “யாரு?” என்றார்.

சம்பந்தி வந்தார். நேராகப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தாண்டிப் போனார். “ஆகா, பழைய பிரம்பு! எங்க தாத்தா வீட்டுல இதே மாதிரி இருந்துச்சு” என்று, ‘வேண்டாம், அது ஆடும்’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மூட்டைப்பூச்சி வயிறு நிறைய ஐந்திலிருந்து பத்து நிமிஷம் ஆகும். அவர் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். ‘நிகழும் மங்களகரமான’ என்று அவர் வாசிக்க வாசிக்க நான் அவருடைய வேட்டி மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சதந்திரத்தில் ராஜாவின் படுக்கையில் ஒரு பேன் மரியாதையாகக் குடித்தனம் நடத்தும். விருந்துக்கு வந்த மூட்டைப்பூச்சி பொறுமையில்லாமல் ராஜாவைக் கடித்துவிட்டு ஓடிவிடும். சேவகர்கள் வந்து தேடும்போது மடிப்பில் சிவனே என்று இருந்த பேன் மாட்டிக்கொண்டு சாகும். அன்றைக்கு அந்தப் பேன் நான்தான்.

“சம்பந்தி, சித்தன்னவாசல் பார்த்ததில்லையே? வாங்க, போய்ட்டு வந்துடலாம்” என்று எழுந்தேன்.

“இந்த வெயில்லயா?”

“வெயில்லதான் ஓவியம் நல்லாத் தெரியும்.”

அக்னி நட்சத்திரத்தில், காலை பதினோரு மணிக்கு, புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் போய், கொதிக்கும் பாறையில் ஏறினோம். அறிவர் கோயிலின் தாமரைக்குளத்து ஓவியத்தைப் பார்த்த கையோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி நாற்காலி! அதனால் ஏழடிப்பட்டத்துக்கும் இழுத்துக்கொண்டு போனேன். குகைக்குள் சமண முனிவர்கள் படுத்த பதினேழு கல் படுக்கைகள். தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் மிகப் பழைய கட்டில் அதுதான்.

எல்லோரும் கல்வெட்டைப் பார்த்தார்கள். நான் படுக்கையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கிளி இல்லை, அன்னம் இல்லை, ஓர் இடுக்கு இல்லை. கொல்லாமை விரதம் எடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவதற்கு இதைவிட நல்ல கட்டிலை எந்த ஆசாரியும் செய்ய முடியாது. சூரத்தில் வணிகர்கள் நடத்திய மிருக வைத்தியசாலையில், மூட்டைப்பூச்சிகள் பசியாறட்டும் என்று ஓர் ஏழையைக் கூலிக்குப் பிடித்து இரவெல்லாம் கட்டிலில் படுக்க வைப்பார்கள் என்று ஜான் ஓவிங்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1696-ல் வெளியான தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் கூலியாவது கிடைத்தவன் பாக்கியசாலி. நான் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் திருக்கோகர்ணம் மியூசியம், அப்புறம் திருமயம் கோட்டை. ஆறு மணிக்கு நேராகப் பஸ் நிலையம். “சம்பந்திக்கு ஊர்ப் பற்று ஜாஸ்தி” என்று சம்பந்தியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்.

மறுநாள் யுத்தம் தொடங்கியது. கட்டிலை மொட்டைமாடியில் வெயிலில் போட்டோம். வெயில் மேல்பக்கம் வந்தால் பூச்சி கீழ்ப்பக்கம் போனது. திருப்பிப் போட்டால் அதுவும் திரும்பியது. அதற்குத் தேவை 50 டிகிரி. அந்தச் சூட்டில் பூச்சியும் முட்டையும் சீக்கிரமே சாகும். எங்கள் ஊர் வெயில் 40-ல் நின்றுகொண்டு மனிதரை மட்டும் கொல்லும். கட்டில் காலுக்கு நான்கு கிண்ணம் வைத்துச் சீமெண்ணெய் ஊற்றினேன். போர்வை தரை வரை தொங்கிப் பூச்சிகளுக்கு ஏணியாக இருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். கிண்ணம் வழுக்கலாக இருந்தால் ஏறாது என்பார்கள். அது ஐரோப்பாவின் சாதாரண மூட்டைப்பூச்சிக்குச் சரி. நம் பக்கத்து வெப்பமண்டல மூட்டைப்பூச்சியின் காலில் ஒட்டும் மயிர் அதிகம், வழவழப்பிலும் ஏறிவிடும். நம் ஊர்க்காரர்கள் எங்கேயும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது சும்மாவா!

மனைவி தன் பங்குக்கு நாற்காலித் திண்டு உறைகளை இட்லிக் கொப்பரையில் வைத்து அவித்தாள். ஆவிக்கு முன்னால் எந்தப் பூச்சியும் நிற்காது. அது உண்மையான வைத்தியம். மறுநாள் காலையில் இட்லி மல்லிகைப்பூ மாதிரிதான் இருந்தது. நான் உப்புமா கேட்டேன்.

கடைசியில் திருச்சியிலிருந்து மருந்தடிக்கும் ஆளை வரவழைத்தோம். வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லி, “தண்ணி ஃபில்டர் ரிப்பேர்” என்று எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவைத்தேன். வந்த ஆள் முகமூடியும் கையுறையுமாக உள்ளே போனதைப் பார்த்து, “தண்ணி அவ்வளவு மோசமா?” என்றார் பெரியவர். மருந்துக்காரர் போகும்போது, “பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி அடிக்கணும் சார். முட்டைக்கு மருந்து கேக்காது” என்றார். ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் இருநூறு முட்டைக்கு மேல் இடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். மரத்தோடு பசை போட்டது போல் ஒட்டியிருக்கும். பொரித்து வரும் குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து தடவை சட்டை உரிக்கும். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு முழுச் சாப்பாடு. தீபாவளிக்குக்கூட நான் ஒரு சட்டைதான் எடுக்கிறேன்.

இரண்டாவது தடவையும் அடித்தார். குறைந்தது. ஒழியவில்லை. அப்போதுதான் மனைவி, “மருந்துக்காரனை விட்டுட்டு ஆசாரியைக் கூப்பிடுங்க” என்றாள்.

ஆசாரி கட்டிலைச் சுற்றி வந்து, கிளியின் கழுத்தில் உளியின் முனையை வைத்து நெம்பிக் காட்டினார். உள்ளே ஐயா காலத்துக் கறுப்புப் புள்ளிகள் ஊர்வலம் போயிருந்தன. “மரத்துல ஒண்ணும் இல்லைங்கய்யா. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுலதான்” என்றார். ஆப்பு ஆப்பாகக் கழற்றினார். ஒவ்வொரு பொருத்திலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். காய்ந்ததும் மரத்தூளையும் பசையையும் குழைத்து, ஒரு நூல் இடைவெளி விடாமல் பட்டி பார்த்து, இழைத்து, வார்னிஷ் அடித்தார். பிரம்பைப் பிரித்து எரித்துவிட்டுப் பலகை போட்டார். கஜலட்சுமி மட்டும் தப்பினாள். கிளிகளுக்கு அலகு தெரியவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சிறுபோசில் இளையருக்குத் தெரிந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குத் தூங்கியவன், விடிந்து எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பெரியவர் கவலையோடு வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு மாதம் கழித்து, இரவு பத்து மணிக்குப் போன். சம்பந்தி.

“தூங்கிட்டீங்களா? ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. வெளியில சொல்லிடாதீங்க. எங்க வீட்டுல… மூட்டைப்பூச்சி இருக்கு. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன பிறகுதான் கண்டுபிடிச்சோம். முன்னாடியே இருந்திருக்கும்போல. அந்தப் பழைய நாற்காலியில வேற இருபது நிமிஷம் உட்கார்ந்துட்டேன். எங்களால உங்க வீட்டுக்கும் வந்திருக்குமோன்னு எங்க வீட்டம்மாவுக்கு ராத்திரியெல்லாம் அழுகை.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

“வந்துச்சுதான் சம்பந்தி” என்றேன். “ஆனா நாங்க மனசுல வச்சுக்கலை. இதெல்லாம் வேணும்னா செய்வாங்க? விடுங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆசாரி ஒருத்தர் இருக்கார். நாளைக்கே அனுப்பி வைக்கிறேன். செலவு எங்களோடது.”

மறுமுனையில் தொண்டை அடைத்துக்கொண்டது. “உங்களை மாதிரி மனுஷங்க கிடைக்கறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்” என்று போனை வைத்தார்.

“எல்லாம் சரி, செலவு எதுக்கு நம்மோடதுன்னு சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“சீர்க் கணக்குல எழுதிக்க” என்றேன்.