பால்வாடியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் என் அம்மா பால்வாடி டீச்சராக இருந்தாள். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் பால்வாடியில் மதியச் சோறு உண்டு என்றானது. ஊர்ப் பெண்கள் பலர் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஏறிவிடுவார்கள். பிள்ளைகளுக்கும் ஆறேழு வயதானால் போதும், தீக்குச்சிக் கட்டை அடுக்க அதே வண்டியில் போய்விடும். நடை பழகியதற்கும் கட்டை கைக்கு வருவதற்கும் நடுவில் இருந்த கொஞ்ச காலம்தான் அந்த ஊரில் ஒரு பிள்ளையின் விளையாட்டுக் காலம். அதை அம்மா காவல் காத்தாள்.

விளையாட்டுச் சாமான் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கழித்துப் போட்ட தீப்பெட்டிக் கூடுகளைக் கேட்டு வாங்கி வருவாள். கோத்தால் ரயில், அடுக்கினால் கோபுரம். தரையில் பதினான்கு குழி தோண்டினால் பல்லாங்குழி. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆட்டத்தின் விதியெல்லாம் தெரியாது. ஒரு குழிக்கு ஒரு புளியங்கொட்டை என்று போட்டுக்கொண்டே போகும். வாய் சொல்லும் எண்ணும் கை போடும் கொட்டையும் சேர்ந்து போகவேண்டும் என்பதை அது அங்கேதான் பிடித்துக்கொள்ளும். நாலு மாதம் போனால், குழியைப் பார்த்ததுமே எண்ணாமல் “மூணு” என்று சொல்லும். கணக்கின் அஸ்திவாரம் அதுதான். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடும்போது, மணலில் குச்சியை ஒளித்தவன் முகத்தைப் பார்த்து அவன் மனசில் இருப்பதைக் கணிக்கிறது இன்னொரு பிள்ளை. தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பாடத்தை அந்த வயதில் யாரால் நடத்த முடியும்?

ஊர் அதை நம்பவில்லை. “விளையாட விட்டுத்தான் சம்பளமா டீச்சர்? நாலெழுத்து எழுதப் பழக்கக்கூடாதா?” என்று கேட்பார்கள். “கை முதல்ல கெட்டிப்படட்டும் தாயீ, எழுத்து தானா வரும்” என்பாள் அம்மா. அவள் அனுபவத்தில் சொன்னதை எலும்பு மருத்துவமும் சொல்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கவேண்டும். மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான்.

அன்றைக்குக் கட்டை அடுக்கிய கைகள் பட்டாசு, அச்சகம், கடை என்று மெல்ல மேலே வந்து, பேரப்பிள்ளைகளைப் பட்டணத்தில் படிக்கவைக்கின்றன. மனசு நிறைகிறது. ஆனால் என் அண்ணன் பேத்தி போகும் பள்ளியின் பலகையில் ‘பிளே ஸ்கூல்’ என்றுதான் எழுதியிருக்கிறது; உள்ளே மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டு. சாயங்காலம் வீட்டுப்பாடம். பென்சிலை முஷ்டியால் பிடித்து அழுத்தி அழுத்தி எழுதுகிறாள், விரல் வலிக்கிறது என்று அழுகிறாள். மணலில் விளையாடத் தனியாக ஒரு வகுப்பு, அதற்குத் தனியாகக் கட்டணம்.

மாண்டிசோரி என்ற பெயரும் அந்தப் பலகையில் உண்டு. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது, வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளுக்காக. 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை இன்று கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கான சரக்காகிவிட்டது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தனைக்கும் எங்கள் ஊர் அங்கன்வாடியில் இன்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று அரசே ஒரு பாடத்திட்டம் கொடுத்திருக்கிறது. 2022-இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டு வழியில்தான் கற்பிக்கச் சொல்கிறது. அம்மா திட்டு வாங்கிக்கொண்டு செய்தது இப்போது விதி. ஆனால் விளையாடப் பிள்ளைகள் குறைவு, விளையாட்டுக் காட்ட டீச்சருக்கு நேரமும் குறைவு. எடை பார்க்கவேண்டும், செல்போனில் கணக்கு ஏற்றவேண்டும், வீடு வீடாகப் போகவேண்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிள்ளைகளோடு தரையில் உட்கார மட்டுமே இன்னொரு டீச்சர் வேண்டும். அதற்குச் செலவழிக்கும் பணம் வீண் என்று எவர் சொன்னாலும் நான் சண்டைக்கு நிற்பேன்.

பேத்தியை அந்த நாலு கோடு நோட்டிலிருந்து மீட்கச் சொல்லி அண்ணன் மருமகளிடம் பேசினேன். “எனக்கும் ஆசைதான் அத்தே. ஆனா ஒண்ணாம் வகுப்புல சேர்க்கும்போது எழுதச் சொல்லிப் பார்ப்பாங்களே, அப்ப என்ன பண்றது?” என்றாள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பதைத் தடை செய்கிறது, மீறினால் அபராதம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். சேர்க்கை நாளில் கூடவே நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.