சந்து வழியே போகும் சங்கீதம்

பாலக்கோட்டில் பெட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தக்காளிப் பெட்டிதான். மண்டியில் லாரி ஏறி வெளியூர் போகிற அந்தப் பெட்டிக்குச் சந்துதான் இலக்கணம். பழைய மரப்பெட்டியில் சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி, இப்போதைய பிளாஸ்டிக் கிரேட்டில் சுற்றிலும் ஓட்டை. காற்று போய்வந்தால்தான் தக்காளி பிழைக்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கு இலக்கணம் இதற்கு நேர் எதிர். காற்று போய்வந்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். ஆனாலும் வீட்டிலேயே பலகை அறுத்து, ஆணி அடித்துச் செய்யப்படும் ஸ்பீக்கர் பெட்டிகள் பலவற்றை ஒரு தக்காளி வியாபாரி கையில் எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல மாட்டார், இரண்டு லோடு கேட்பார். வெளியே முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு, ஓரத்தில் தங்க நிறக் கோடு, மேலே ஜப்பான் கம்பெனி ஸ்டிக்கர். உள்ளே மூலைக்கு மூலை வெளிச்சம். பெட்டியின் பெயிண்டைப் பாராட்ட ஆள் உண்டு, அடைப்பைப் பாராட்ட ஆள் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பாட்டு கேட்பது காது. காதுக்கு வேண்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அடைப்பில்தான் இருக்கிறது.

சந்து இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? இன்று நாம் பயன்படுத்தும் வகை ஒலிபெருக்கியை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரைசும் கெல்லாக்கும் 1925இல் உருவாக்கிக் காட்டினார்கள். அன்றிலிருந்து அதற்கு ஒரு குணம் மாறவில்லை: முன்னால் ஒன்று பேசும், பின்னால் அதற்கு நேர்மாறாகப் பேசும். கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெரிபடுகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று நெகிழ்கிறது. கீச்சுக் குரல்களின் அலை குட்டையானது, போன திசையிலேயே போய்விடும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலிக்கு அலை நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்குச் சின்ன ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. பின்னாலிருந்து சுற்றிவந்து முன்னால் போவதைச் சந்திக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதனால்தான் பெட்டியில்லாத ஸ்பீக்கரில் பாடகர் பாடுவார், மிருதங்கத்தின் வலந்தலையும் கேட்கும், கனத்த ஒலி தரும் தொப்பி மட்டும் லீவில் போயிருக்கும். பின்பக்கத்துப் பேச்சை வெளியே விடாமல் பூட்டி வைப்பதுதான் பெட்டியின் வேலை. பூட்டிய வீட்டில் கொல்லைக் கதவு திறந்திருந்தால் எப்படி?

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழும். கடையில் விற்கிற பெட்டியிலேயே வட்டமாக ஓட்டை இருக்கிறதே, கம்பெனிக்காரன் முட்டாளா என்பார்கள். முட்டாள் இல்லை, அந்த ஓட்டை கணக்குப் போட்டு வைத்தது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இல் அதற்குக் காப்புரிமையே பெற்றார். குழாயின் நீளம், விட்டம், பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவு மூன்றும் ஒத்துப்போனால், பின்பக்க ஒலி ஒரு குறிப்பிட்ட சுருதியில் தலைகீழாகத் திரும்பி முன்பக்கத்துக்கே துணையாக வரும். ஆசாரியின் உளி வழுக்கிய இடத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அங்கே பேஸும் போகும், கூடவே ‘உஸ்’ என்ற சத்தமும் வரும். ஓட்டை வைத்த பெட்டியிலும் அந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லாம் இறுக்கமாக இருந்தால்தான் கணக்கு நிற்கும். சரி, முழுக்க அடைத்தால் ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டாதா என்று இரக்கப்படுகிறவர்களுக்கு எட்கர் வில்சரைக் காட்டலாம். 1954இல் அவர் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 பெட்டி முழுக்க அடைத்தது. உள்ளே சிறைப்பட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கியது. ஆளுயரப் பெட்டி தந்த பேஸை அலமாரிப் பெட்டி தந்தது. இதே யோசனைக்கு ஆல்சன், பிரெஸ்டன் என்ற இருவர் முன்பே உரிமை வாங்கியிருந்ததால் வில்சரின் காப்புரிமை பிறகு செல்லாமல் போனது. பெட்டியை அவ்வளவு இறுக்கமாக அடைத்தவருக்கு உரிமைதான் கசிந்தது.

அந்த ஆல்சன் 1951இல் இன்னொன்றையும் அளந்து வெளியிட்டார். பலவிதமான பெட்டி வடிவங்களில் ஒரே ஸ்பீக்கரைப் பொருத்திப் பார்த்ததில், உருண்டைதான் ஒலியை மேடுபள்ளம் இல்லாமல் தந்தது; சதுரப் பெட்டி அந்த வரிசையில் மோசமான இடத்தில் நின்றது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுப் போட்டவர்கள் ஆல்சனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பானைக்கு மூலை இல்லை, மூட்டு இல்லை, ஆணி இல்லை. விரிசல் விடாத வரை கசிவும் இல்லை. வாய் விளிம்பில் மட்டும் ஒரு துணியைச் சுற்றி இறுக்கினால் முடிந்தது. பெயிண்ட் அடித்த பானையை நான் கேள்விப்பட்டதில்லை, பேஸ் இல்லாத பானையையும் கேள்விப்பட்டதில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மரப்பெட்டிக்குப் பானையின் பாக்கியம் இல்லை. அதற்கு ஆறு பலகை, பன்னிரண்டு மூட்டு. மூட்டில் ஃபெவிகாலைத் தாராளமாக விட்டுத் திருகாணியால் இறுக்க வேண்டும். மிஞ்சிய சந்துக்கு அதே பலகையின் மரத்தூளை ஃபெவிகாலில் பிசைந்து அப்பலாம். உள்மூலைகளில் சிலிகான் இழுக்கலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, காயும்போது காடி நாற்றம் அடிக்கும் சிலிகான் அமில ஆவியை விடும். அது முழுக்க அடங்கிய பிறகே ஸ்பீக்கரை மாட்ட வேண்டும். இரண்டு, சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. ஆத்திரத்தில் வெளிப்பக்கமும் அதைத் தேய்த்துவிட்டால் பெயிண்டர் எத்தனை கோட்டிங் அடித்தாலும் அந்த இடம் மட்டும் வழுக்கையாகவே நிற்கும். ஸ்பீக்கர் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தால் போதும். பலரும் மறப்பது ஒயர் வெளியே வரும் துளையை. பெட்டி முழுவதையும் அடைத்துவிட்டு அந்த ஒரு துளையைச் சும்மா விடுகிற தைரியம் எங்கிருந்து வருகிறதோ! முழுக்க அடைத்த பெட்டியைச் சோதிக்க வழி சுலபம். கூம்பின் இரு ஓரங்களையும் விரலால் மெல்ல அழுத்தி விட வேண்டும். அது தயங்கித் தயங்கித் திரும்பினால் அடைப்பு நன்று, சட்டென்று துள்ளினால் கசிவு. கசிகிற இடம் தெரியாவிட்டால் பேஸ் ஒலியை ஓடவிட்டு மூட்டு ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டுபோனால் புகை நடுங்கும் இடமே குற்றவாளி.

அப்படியானால் பெயிண்டே வேண்டாமா என்று பெயிண்டர்கள் சண்டைக்கு வரலாம். வேண்டும், ஆனால் அதையும் அடைப்பின் இளைய தம்பியாகத்தான் மதிக்கிறேன். பிளைவுட்டின் வெட்டு முனை தண்ணீர் குடிக்கும், எம்.டி.எஃப். குடித்தால் ஊதிப்போகும். முனைகளில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முதலில் பூசிக் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிறகு பிரைமர், பட்டி, மறுபடி உப்புத்தாள், அதன்பின் எனாமல். ஒரே பக்கம் பூச்சு வாங்கிய பலகை ஈரக் காலத்தில் வளையும். வளைந்தால் மூட்டு வாய் திறக்கும். ஆகவே உள்பக்கமும் ஒரு கோட்டிங் அடிக்கத்தான் வேண்டும். யாரும் பார்க்காத இடத்துக்கு எதற்குச் செலவு என்று கேட்பவர், பார்க்கிறவருக்காகப் பெட்டி செய்கிறவர். கறுப்பு அடித்தால் பேஸ் தூக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. 18 மில்லிமீட்டர் பலகைக்கு முன்னால் காகித கனப் பெயிண்ட் எதையும் தூக்காது.

‘பேஸ் குறைந்தால் ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொள்ளலாம்’ என்பது கடைசிப் புகலிடம். 3 டெசிபல் கூட்ட வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். சந்தில் போனதை வாட்ஸால் ஈடுகட்டப் புறப்பட்டால் 50 வாட்ஸ் நூறாகும், நூறு இருநூறாகும், கசிவின் ‘உஸ்’ஸும் கூடவே வளரும். அந்தக் காசில் ஒரு இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்து, கூம்பைத் தொடாமல் உள்ளே தளர்வாக நிரப்பலாம். பஞ்சுக்குள் காற்று நெரிபடும் விதமே மாறுவதால், பெட்டி தன் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை பெரிதானதுபோல் நடந்துகொள்ளும். தலையணையின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

ஆக, நியாயமான ஆட்சேபம் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது: பக்கத்து வீட்டுக்காரர். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆனால் அந்த அளவுகள் மனிதக் காதை ஒட்டி எடை போட்டவை. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் எண்ணும். சுவரோ அந்தத் தள்ளுபடியைத் தராது, பேஸைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட எளிதாக அந்தப் பக்கம் விடும். ஓட்டைப் பெட்டி இருந்த வரை அவர் நிம்மதியாகத் தூங்கினார். அடைப்புக்காக நான் அடுக்கிய அத்தனை நியாயங்களும் அவரைப் பொறுத்தவரை அநியாயம். அவருக்காகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெட்டியைப் பொதுச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், அறை மூலையிலும் வைக்காதீர்கள், மூலை பேஸை இன்னும் ஏற்றிவிடும். அடியில் நான்கு ரப்பர் துண்டு கொடுங்கள். அந்தச் சைக்கிள் டியூபில் மீதி இருக்கும்.