முதல் ஆல்பமா, இரண்டாவதா?

கேள்வி: முதல் ஆல்பத்தில் கலக்கும் இசைக்குழுக்கள் இரண்டாவதில் சறுக்குவது ஏன்?
- உப்பளத் தொழிலாளி ஒருவர், மரக்காணம்

பதில்: உங்கள் பாத்தியில் தரையை மிதித்து இறுக்கி முதல் உப்பு எடுக்கத்தான் நாள் பிடிக்கும், பிறகு அடுத்தடுத்து வாரலாம். பாட்டு அப்படி விளையாது. முதல் ஆல்பத்தில் பிறந்ததிலிருந்து சேர்த்த காதல், கோபம், பசி எல்லாம் இறங்கிவிடும். இரண்டாவதை மறு வருஷமே கேட்டால் பாவம், அவர்கள் எங்கே போவார்கள்?

ஆனால் எல்லோரும் சறுக்குவதில்லை. அமெரிக்காவின் நிர்வாணா குழு 1989-இல் 'பிளீச்' வெளியிட்டபோது அதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 1991-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'நெவர்மைண்ட்' உலகத்தையே உலுக்கியது. நம் நாட்டின் இந்தியன் ஓஷன் 1993-இல் முதல் ஆல்பம் தந்தது. நான்கு வருஷம் கழித்து வந்த 'டெசர்ட் ரெய்ன்' மேடையிலேயே பதிவான கச்சேரி. சுடச்சுட இருக்கும்.

குழு இல்லை என்றாலும் இளையராஜாவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சினிமாவுக்கு வெளியே அவர் 1986-இல் தந்த 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. கர்நாடக ராகமும் ஐரோப்பிய வயலின்களும் அதில் கைகோத்து நடக்கும். அந்தச் சிகரத்துக்குப் பிறகு என்ன செய்வது? 1988-இல் 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்துக்கு ஹரிபிரசாத் சௌராசியாவை அழைத்து, புல்லாங்குழலை நடுவில் வைத்தார். முதலாவதை நகலெடுக்காமல் வேறு வழியில் போனதால்தான் அது நின்றது. முதலாவது பெரிய சாதனை. என் மனசுக்கு நெருக்கம் இரண்டாவதுதான். விடியுமுன் அளத்துக்குப் போகும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.