காதலா, கடனா?

கேள்வி: சந்தோஷமே இல்லாத உறவிலும் சிலர் ஏன் நீடிக்கிறார்கள்? அதுதான் உண்மைக் காதலா?

பதில்: காதல் மட்டும் காரணமில்லை. அமெரிக்க உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் 1980இல் வெளியிட்ட 'முதலீட்டு மாதிரி' மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: உறவில் கிடைக்கும் நிறைவு, வெளியே இருக்கும் மாற்று வழி, இதுவரை போட்ட முதல். வருடங்கள், பிள்ளைகள், வீடு, பொதுவான நண்பர்கள் எல்லாம் அந்த முதலில் சேர்த்தி. காதல் கதவைத் திறந்துவிட்டுப் போனாலும் வீட்டுக்கடன் தாழ்ப்பாள் போட்டுவிடும்!

1995இல் அவரும் சக ஆய்வாளர் மார்ட்ஸும், துணையிடம் அடிபட்டுக் காப்பகம் வந்த பெண்களை ஆராய்ந்தார்கள். பிழைக்க வேறு வழி குறைந்தவர்களிடம்தான் துணையோடு பிணைப்பு வலுவாக இருந்தது. "இவ்வளவு நடந்தும் ஏன் வெளியேறவில்லை?" என்று அப்படிப்பட்ட பெண்ணைக் குடைவது அநியாயம். வெளியேறினால் எங்கே தங்குவாள், எப்படிச் சாப்பிடுவாள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வேலைக்கு வழி காட்டுங்கள்.