கண்டுபிடித்தது கேமரா

கே: பிரையன் டி பால்மாவின் 'தி பிளாக் டாலியா' (2006) பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. முடிந்ததும், "கொலை செய்தது யார்?" என்று மனைவி கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. தப்பு யார் பேரில்?

ப: தைரியமாகப் படத்தின் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். குத்துச்சண்டை, கூட்டாளியின் காதலி, பணக்கார வீட்டு ரகசியம் என்று ஜேம்ஸ் எல்ராயின் நாவலை மூட்டையோடு கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். கடைசியில் ஒரு பாத்திரம் மொத்தத்தையும் வாயாலேயே ஒப்பிக்கிறது. அதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

கே: பிறகு எதற்குத்தான் பார்ப்பது?

ப: ஒரு கிரேன் ஷாட்டுக்காக. இரண்டு போலீஸ்காரர்கள் வேறு எவனையோ பிடிக்கத் தெருவில் காத்திருக்கிறார்கள். கேமரா அவர்களை விட்டுவிட்டு மெல்ல மேலே எழும்பி, கட்டடத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. பின்னால் புல் மண்டிய காலி மனை. தூரத்தில், எறும்பு அளவுக்கு ஒரு பெண் எதையோ பார்த்து அலறிக்கொண்டு ஓடுகிறாள். கேமரா நின்று விசாரிக்கவில்லை. அலட்டாமல் முன்பக்கத் தெருவுக்கே திரும்பிவிடுகிறது. இங்கே துப்பாக்கிச் சண்டை. இவர்கள் வாழ்க்கையைக் கெடுக்கப்போகும் பிணம் பின்னாலேயே கிடப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒரு வசனம் கிடையாது. இந்த ஒரு ஷாட்டில் இருக்கிற திரைக்கதை மிச்சப் படம் முழுக்கத் தேடினாலும் இல்லை. ஒளிப்பதிவு வில்மோஸ் ஸிக்மண்ட்.

கே: ஆஸ்கர் கொடுத்தார்களா?

ப: பரிந்துரையோடு சரி. அதுவும் ஒளிப்பதிவுக்கு மட்டும். விருதை 'பான்ஸ் லாபிரிந்த்' தட்டிக்கொண்டு போனது.

கே: 1940களின் லாஸ் ஏஞ்சலஸை அச்சு அசலாகக் காட்டியிருக்கிறார்களே!

ப: நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி பல்கேரியா, ஐயா. கலை இயக்குநர் டான்டே ஃபெரெட்டி. ஒரு ஊரையே எழுப்பியவர்களுக்குக் கதையில் ஒரு சுவர் எழுப்ப வரவில்லை.

கே: எல்ராய் நாவல்களே சினிமாவுக்கு ஒத்துவராதோ?

ப: அதே எல்ராயின் 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' இதைவிடச் சிக்கல். திரைக்கதை எழுதிய கர்ட்டிஸ் ஹான்சனும் பிரையன் ஹெல்கலண்டும் ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்தார்கள். 1997இல் படம் வந்தது. தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கரும் வந்தது. 'பிளாக் டாலியா'வில் குற்றவாளி கத்தரிக்கோல்தான், அதாவது அது இல்லாமல் போனது.

கே: நிஜத்தில் கொலையாளி பிடிபட்டானா?

ப: இல்லை. 'பிளாக் டாலியா' என்று பேரான நிஜ வழக்கில் கொலையுண்ட எலிசபெத் ஷார்ட்டுக்கு 22 வயது. 1947 ஜனவரி 15 அன்று உடல் கிடைத்தது. வழக்கு இன்றும் முடியவில்லை. படத்துக்கு மட்டும் என்ன அவசரமோ, முடித்துவைத்துவிட்டது. இதேபோல் முடியாத வழக்கை எடுத்துக்கொண்ட டேவிட் ஃபின்சர், 2007இல் 'சோடியாக்'கில் யாரையும் சிக்கவைக்காமலே நம்மை நகம் கடிக்க வைத்தார்.

கே: கதை புரியாத படம் தேறவே தேறாதா?

ப: யார் சொன்னது? 'தி பிக் ஸ்லீப்' (1946) படத்தில் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று மூல நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரிடமே கேட்டுத் தந்தி அடித்தார்கள். அவருக்கும் தெரியவில்லை! படம் இன்றும் ஓடுகிறது. அதில் போகார்ட்டும் லாரன் பக்காலும் பேசிக்கொள்ளும்போது எந்த டிரைவர் செத்தால் நமக்கென்ன? 'பிளாக் டாலியா'வில் அந்தப் பேச்சு இல்லை. காதல் ஜோடிகள் சிகரெட் பிடிப்பதில் காட்டிய அக்கறையைக் காதலிப்பதில் காட்டவில்லை.

கே: நம்ம அஜித்தின் 'பில்லா'கூட வெறும் ஸ்டைல்தானே?

ப: ஆமாம், அதனாலென்ன? 1978இல் அமிதாப்பின் 'டான்', 1980இல் ரஜினியின் 'பில்லா'. அதே கதையை மறுபடி எடுத்த அஜித் படத்துக்கு 2007இல் டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேருக்குக் கதை மனப்பாடம். எனவே இயக்குநர் விஷ்ணுவர்தன் மலேசியாவையும் கறுப்புக் கோட்டையும் நிரவ் ஷாவின் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். 2012இல் 'பில்லா 2'க்குப் புதிதாகக் கதை பண்ணினார்கள். அதைப் பற்றி அடுத்த வாரம் யாரும் கேட்க வேண்டாம்.