அண்ணாச்சியின் ஆதரவாளர்

சென்னையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவார். பருப்பு, எண்ணெய், சோப்பு, வீட்டில் யாரும் கேட்காத சீஸ் எல்லாம் டிராலியில் ஏறும். மாதத்தின் மற்ற நாளெல்லாம் அண்ணாச்சி கடையை வாழவைப்பார். பத்து ரூபாய்க்கு இஞ்சி, ஐந்து ரூபாய்க்குப் பச்சை மிளகாய், கொசுறாகக் கறிவேப்பிலை. கணக்கு நோட்டில்.

ஆனால் சிறு வணிகருக்காகக் கொதிப்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. 2012-இல் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தபோது, நேரே கடைக்கு வந்து, "வால்மார்ட் வந்துட்டா உங்க கதி என்ன அண்ணாச்சி?" என்று கலங்கினார். அண்ணாச்சி கலங்கவில்லை. இவருடைய மூன்று மாதப் பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வால்மார்ட் தெருமுனையில் கடை போடவில்லை. 2018-இல் ஃபிளிப்கார்ட்டை வாங்கிக்கொண்டு கைபேசி வழியாக வந்தது. ஓடிபி சொல்லி உள்ளே அழைத்தவர் இவர்தான். வீட்டில் ஆள் இல்லாத நாளில் அந்தப் பார்சலை வாங்கி வைப்பவர் அண்ணாச்சி. வீட்டுச் சாவியும் அங்கேதான். இரவு பத்தரைக்கு மேல் குழந்தைக்குப் பால் பாக்கெட் வேண்டுமென்றால், பாதி இறங்கிய ஷட்டரைத் தட்டும் உரிமையும் இவருக்கு உண்டு. சூப்பர் மார்க்கெட் ஷட்டரைத் தட்டினால் காவலாளி என்ன செய்வார் என்று இவர் சோதித்துப் பார்த்ததில்லை.

பை விஷயத்தில் இவரைக் கவனிக்க வேண்டும். அங்கே பைக்குத் தனியாகக் காசு கொடுத்து, அதன்மேல் அச்சிட்ட விளம்பரத்தையும் சும்மாவே சுமந்து வருவார். இங்கே, "2019-லேருந்து பிளாஸ்டிக் பை தடை சார்" என்று அண்ணாச்சி சொன்னால், "இப்படி இருந்தா அவங்களோட எப்படிப் போட்டி போடுவீங்க?" என்பார். அங்கே 99 ரூபாய் என்று எழுதியிருந்தால் பயபக்தியோடு கார்டை நீட்டுவார். இங்கே 42 ரூபாய்க்குக் கணக்கு வந்தால், "நாப்பதா வச்சுக்குங்க" என்பார். நியாயம்தானே, ஆதரவு என்பது இருபக்கமும் இருக்க வேண்டாமா!

ஆலோசனைக்கும் குறைவில்லை. "ஏசி போடுங்க, பில் மெஷின் வாங்குங்க. இல்லைன்னா தாங்க மாட்டீங்க." அண்ணாச்சி பொட்டலத்தைக் கட்டியபடியே கேட்பார். 1997-இல் சென்னையில் தொடங்கி, நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேல் கிளை விட்ட சுபிக்‌ஷா 2009-இல் மூடிப் போனதைப் பார்த்தவர் அவர். "பக்கத்துத் தெருவுல அது இருந்த இடத்துல இப்ப பிரியாணிக் கடை சார்" என்பதோடு பேச்சு முடியும்.

மே 5 வணிகர் தினம். அன்று காலை ஆறு மணிக்கே, சிறு வணிகர்களைக் காப்போம் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி போடுவார். ஏழு மணிக்குக் காப்பித்தூள் வாங்கக் கீழே இறங்கினால் கடை பூட்டியிருக்கும். அண்ணாச்சி மாநாட்டுக்குப் போயிருப்பார். "முன்னாலேயே சொல்ல வேண்டாமா?" என்று இன்னொரு செய்தி.

போன மாதம் சூப்பர் மார்க்கெட்டில், எண்ணெய்க்குப் பெரிய தள்ளுபடி போட்டிருந்த நாளில், பில் போடும் வரிசையில் தனக்கு முன்னால் அண்ணாச்சி நிற்பதைப் பார்த்துவிட்டார். டிராலியை மறைப்பதா, முகத்தை மறைப்பதா என்று முடிவெடுப்பதற்குள் அண்ணாச்சி திரும்பிவிட்டார். மொத்தக் கடையைவிட இங்கே மலிவாகக் கிடைத்தால் அவரே இங்கே வந்து வாங்கிப்போய் விற்பாராம். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். ஆளுக்கு ரெண்டு பாக்கெட்தான் தர்றாங்க. உங்க பேர்ல எனக்கு ரெண்டு போடுங்க, பாக்கியில கழிச்சுக்கலாம்."